சந்து முனையில் ஒரு மயிரிழை

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ சுகமாக இருக்கிறாய், புது வீட்டில் வெந்நீர்க் குழாய் மட்டும் தகராறு செய்கிறது, முதுகுவலி குறைந்திருக்கிறது என்பதெல்லாம் அம்மா சொல்லித் தெரிந்துகொண்டேன். இங்கேயும் எல்லோரும் சுகம் என்று அடுத்த வரியை எழுதத்தான் கை போகிறது, அப்படி எழுதிவிட்டால் இந்தக் கடிதத்துக்கே வேலையில்லை. போனில் சொல்லலாம் என்றால் என் குரலைக் கேட்டதும் அம்மாவிடம் கொடுங்கள் என்பாய், அவளோ பக்கத்திலேயே இருப்பாள். அதனால் அவளுக்குத் தெரியாமல் மின்னஞ்சலில் எழுதுகிறேன். என் மேல் இருக்கிற கோபத்தைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டுக் கடைசி வரை படி, பிறகு வேண்டுமானால் திரும்ப எடுத்துக்கொள்.

போன மாதம் ஒரு மத்தியானம் அம்மாவுக்கு மூச்சுத் திணறல் வந்தது. உன்னிடம் சளி என்று சொன்னாளே, அது சளி இல்லை. "பிள்ளை அங்க தனியா இருக்கா, அவகிட்ட சொன்னீங்கன்னா அப்புறம் நான் உங்களோட பேசவே மாட்டேன்" என்று என் வாயைக் கட்டிப்போட்டிருக்கிறாள். சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றவளுக்கு உதடு நீலம் பாய்ந்துவிட்டது. ஆம்புலன்சைக் கூப்பிட்டேன், அவர்களைக் குறை சொல்ல முடியாது, சீக்கிரமே வந்தார்கள், சைரன் நன்றாகக் கேட்டது. நான் வாசல் கதவைத் திறந்து வைத்துச் சந்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன், சந்து காலியாகக் கிடக்கிறது, சைரன் என் முதுகுக்குப் பின்னாலிருந்து கேட்கிறது. சமையலறைக்குப் பின்னால், மதிலுக்கு அந்தப் பக்கம், கிடங்குகள் இருக்கிற பின் தெருவில் வந்து நின்றுகொண்டிருக்கிறது வண்டி. வாளியைக் கவிழ்த்துப் போட்டு மேலே ஏறித் தலையை நீட்டிக் கத்தினேன். ஓட்டுநர் போனைத் தூக்கிக் காட்டி, "சார், மேப்புல இதான் சார் உங்க வீட்டுக்கு வழி" என்கிறான். என் வீட்டுக்கு எது வழி என்று எனக்கே பாடம். அவன் சுற்றிக்கொண்டு பெரிய சாலைக்கு வருவதற்குள் அம்மாவுக்குக் கண் செருகிவிட்டது. எதிர்வீட்டுத் தையல்காரரும் நானும் அவளை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு சந்து முனைக்கு ஓடினோம். பிழைத்துக்கொண்டாள். மருத்துவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இது மறுபடி வரும் சார், அடுத்த தடவை இவ்வளவு லேட்டா கொண்டுவந்தீங்கன்னா என் கையில ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டார்.

அவளைக் கூட்டிக்கொண்டு வந்து படுக்க வைத்ததும் கணினியைத் திறந்து நகர வரைபடத்தைப் பார்த்தேன். பார்த்த உடனே தெரிந்துவிட்டது. அந்தப் பகுதியையே வரைந்தவன் நான்தானே, ஒவ்வொரு வீட்டையும் ஒவ்வொரு கம்பத்தையும் என் கையால் வைத்தவன். நான் வரைபடப் பிரிவு வேலையை விட்டு வெளியே வந்த பிறகு பெரிய சாலையின் நடுவில் தடுப்புச் சுவர் கட்டினார்கள், அதற்காக வரைபடத்தில் சாலையின் கோட்டைப் பிடித்து ஒரு பக்கமாக நகர்த்தியிருக்கிறார்கள். நகர்த்தியவன், அதில் வந்து சேருகிற சந்துகளையும் கூடவே இழுத்து வைக்க வேண்டும் என்று நினைக்கவில்லை. சாதாரணமாகப் பார்த்தால் நம் சந்து சாலையைத் தொட்டுக்கொண்டுதான் இருக்கிறது, நன்றாகப் பெரிதாக்கினால்தான் நடுவில் ஒரு மயிரிழை வெள்ளையாகத் தெரியும். கண்ணுக்கு அது ஒன்றுமில்லை, இயந்திரத்துக்கோ அது பாதாளம். சாலையிலிருந்து இந்தச் சந்துக்குள் போகவே முடியாது என்று முடிவு கட்டி, வண்டி போய் நிற்கக்கூடிய பக்கத்து இடம் எது என்று தேடி, மதிலுக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறது. அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "அப்ப நம்ம வீட்டைக் காணோம்னு போலீஸ்ல எழுதிக் கொடுத்துடுங்க" என்று சிரித்தாள், சிரித்ததில் இருமல் வந்துவிட்டது.

நான் சும்மா இருக்கவில்லை. அலுவலகத்தில் இல்லாவிட்டாலும் வெளியாட்கள் திருத்தம் அனுப்பும் கணக்கு எனக்கும் இருந்தது. சந்தின் கடைசிப் புள்ளியை இழுத்துச் சாலையோடு சேர்த்து அனுப்பினேன். கோட்டில் கை வைத்தால் சரிபார்ப்புக்குப் போகும் என்பது உனக்குத் தெரியும். ஏற்கெனவே இணைந்துள்ளது என்று பதில் எழுதித் தள்ளிவிட்டார்கள். பெரிதாக்கிப் பார்க்கக்கூட ஒருவனுக்குச் சோம்பல். மறுபடி அனுப்பினேன், அதே பதில். எழுத்துகளும் பெயர்களும் மட்டும் சரிபார்ப்பு இல்லாமல் உடனே ஏறிவிடும் என்பதால், ஆம்புலன்ஸ் இப்படி வரவும் என்று சந்து முனையில் பெரிய எழுத்தில் போட்டேன். எழுத்தை மனிதன் படிப்பான், இயந்திரம் கோட்டைத்தான் பார்க்கும், அது எனக்குத் தெரியாதா, தெரிந்தும் போட்டேன், ஓட்டுநர் யாராவது படிக்க மாட்டானா என்று. அனுமதியற்ற எழுத்து என்று அதையும் அழித்தார்கள். அன்றைக்குத்தான் எனக்குப் பொறுக்கவில்லை, வரைபடப் பிரிவு இருக்கிற கட்டடத்தைத் தேர்ந்தெடுத்து, பெயர் என்கிற கட்டத்தில் இருந்ததை அழித்துவிட்டுத் தூங்குமூஞ்சிகள் சத்திரம் என்று எழுதி ஏற்றிவிட்டேன். சாயங்காலம் வரை ஊரே பார்த்துச் சிரித்திருக்கிறது. அதற்காக நான் வருத்தப்படவில்லை, அதைவிடப் பொருத்தமான பெயர் அந்தக் கட்டடத்துக்கு வாய்க்காது. ஆனால் என் கணக்கை முடக்கிவிட்டார்கள், இனி அந்த வரைபடத்தில் ஒரு புள்ளிகூட என்னால் வைக்க முடியாது.

அந்தப் பிரிவுக்கு இப்போது தலைவர் உன் சித்தப்பா. கோடு என்றால் என்ன, புள்ளி என்றால் என்ன என்று பக்கத்தில் உட்கார வைத்து நான் சொல்லிக் கொடுத்த தம்பி எனக்கு மேலே போய் உட்கார்ந்ததும், அவனிடம் விடுப்புக் கேட்டுக் கைகட்டி நிற்க மாட்டேன் என்று நான் விருப்ப ஓய்வில் வந்ததும், அந்த மனிதனிடமே பரிந்துரை வாங்கிக்கொண்டு நீ கடல் தாண்டிப் போனதும் உனக்குத் தெரிந்த கதைதான், மறுபடி கிளற இது நேரமில்லை. அம்மா தினமும், "என்னங்க, தம்பிகிட்ட ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுபோற விஷயம்" என்று அனத்திக்கொண்டே இருந்தாள். போனேன் பாப்பா. உன் கல்யாணப் பேச்சுக்குக்கூடப் போகமாட்டேன் என்று சொன்ன அதே வாசலில் போய் நின்றேன், பார்வையாளர் பெஞ்சில், நான் வாங்கிப் போட்ட பெஞ்சில், துண்டுச் சீட்டில் பெயர் எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தேன். அவன் எழுந்து நின்றான், அந்த மரியாதைக்கு ஒன்றும் குறைவில்லை. "அண்ணே, நீங்க சேரலைன்னு சொன்னா சேரலைதான், நான் பார்க்கவே வேணாம். ஆனா நீங்க சொன்னதுங்கறதாலேயே இப்ப இங்க எவனும் அதுல கை வைக்க மாட்டான்" என்றான். அந்தச் சத்திரம் விவகாரத்தில் அவனும் எனக்கு உடந்தையா என்று அவன் மேல் விசாரணை போட்டிருக்கிறார்களாம், அண்ணன் வீட்டுச் சந்துப் பக்கமே நீ போகக்கூடாது என்று எழுத்தில் கொடுத்திருக்கிறார்களாம், நேரில் வந்து அளக்கிறவர்கள் மழை முடிந்துதான் வருவார்களாம். "அண்ணி எப்படிண்ணே இருக்காங்க" என்று கேட்டான். அவன் சொன்ன விசாரணைக் கதையை நம்புவதா வேண்டாமா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. எழுந்து வரும்போது வாசல் வரை கூட வந்து, "பாப்பா கணக்கு இன்னும் உயிரோட இருக்குண்ணே, லீவுல நம்ம பிரிவுல வந்து உட்கார்ந்தப்ப நான் திறந்து குடுத்தது, கோட்டுல கை வைக்கவும் அதுல அனுமதி இருக்கு" என்று மட்டும் சொன்னான்.

தையல்காரர் பெயரில் புதுக் கணக்கு திறந்து பார்த்தாயிற்று, புதியவர்களுக்கு எழுத்தைத் தவிர எதையும் தொட அனுமதி இல்லை. சந்து முனைச் சுவரில் அம்புக்குறி வரைந்தேன், வெள்ளையடித்துவிட்டார்கள். ஆம்புலன்ஸ் எண்ணுக்கே போன் செய்து வழியை விளக்கினேன், "சார், டிரைவர் யார் வருவாங்கன்னு எங்களுக்கே தெரியாது, மேப்புல சரி பண்ணிடுங்க" என்கிறது அந்தப் பெண். அச்சகத்தில் பிழை திருத்தும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேனே, அதையும் நிறுத்திவிட்டேன். அம்மாவைத் தனியாக விட்டுவிட்டுப் போனால், அவளுக்கு மூச்சு முட்டுகிற நேரத்தில் மதில் மேல் ஏறிக் கத்துவதற்கு வீட்டில் யார் இருக்கிறார்கள்? எங்கேயாவது தூரத்தில் சைரன் கேட்டால்கூட, அவள் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும்போதே என் உடம்பு தூக்கிப் போடுகிறது. அவள் தூங்கினால் மார்பு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். "இப்படிப் பார்த்தா எனக்கு எப்படித் தூக்கம் வரும், அந்தப் பக்கம் திரும்பிப் படுங்க" என்கிறாள். எனக்கு வேறு போக்கிடம் இல்லை பாப்பா. நான் இதுவரை உன்னிடம் எதுவும் கேட்டதில்லை, நீயும் கொடுத்ததில்லை என்று எழுத வந்தேன், அதை விடு, இப்போது கேட்கிறேன்.

கடவுச்சொல் மறந்திருந்தால் சித்தப்பாவிடமே கேட்டு வாங்கிக்கொள், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். உள்ளே போனதும் இனி பெரிதாக முடியாது என்கிற அளவுக்குப் பெரிதாக்கிக்கொள். நம் சந்தின் கோட்டைத் தேர்ந்தெடுத்து அதன் கடைசிப் புள்ளியைச் சாலைக்கு இழு, சாலையோடு ஒட்டிக்கொண்டால் புள்ளியின் நிறம் மாறும், மாறுகிற வரைக்கும் கையை எடுக்காதே. சந்தின் பெயர் அங்கே தனி எழுத்தாக மிதந்துகொண்டிருக்கும், அதை அழித்துவிட்டு அந்தக் கோட்டின் பெயர்க் கட்டத்துக்குள்ளேயே எழுது, நாளைக்கு வேறு எவனாவது கோட்டை நகர்த்தினாலும் பெயர் கூடவே போகும். நம் வீட்டுக்கு வாசல் என்று ஒரு புள்ளி வை, சந்துப் பக்கம் வை, மதில் பக்கம் வைத்துவிடாதே. காரணம் என்கிற இடத்தில், முழுதாகப் பெரிதாக்கிப் பார்க்கவும் என்று முதல் வரியிலேயே எழுது. திருத்தச் சொன்னவர் யார் என்று கேட்கும். என் பெயரை எழுதாதே. என் பெயர் இருந்தால் தள்ளிவிடுவார்கள். அந்த வரைபடத்தில் ஒரு மூலையிலாவது என் பெயரைப் போடவில்லையே என்று இத்தனை காலம் ஊரெல்லாம் சண்டை போட்டவன்தான் சொல்கிறேன், என் பெயர் எங்கேயும் வேண்டாம். உன் பெயரைப் போடு.

உடம்பைப் பார்த்துக்கொள், முதுகுவலியோடு கனமானது எதையும் தூக்காதே, வெந்நீர்க் குழாய்க்கு ஆளைக் கூப்பிட்டுச் சரிசெய், பச்சைத் தண்ணீரில் குளித்துச் சளி பிடித்துக்கொள்ளாதே. நீ எங்கே இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும், நான் உன்னை ஏசிய நாட்களிலும் இதைத்தான் நினைத்தேன். திருத்தம் ஏறியதும் ஒன்று செய், பெரிய சாலையிலிருந்து நம் வீட்டுக்கு வழி கேட்டுப் பார். கோடு சந்துக்குள் திரும்பி வாசல் வரை வந்து நின்றால் எனக்கு நீ எதுவும் எழுத வேண்டாம். அம்மாவைப் போனில் கூப்பிட்டு, சாப்பிட்டியாம்மா என்று கேள், போதும். நான் பக்கத்தில்தான் இருப்பேன், எனக்குப் புரிந்துவிடும்.

அன்றைக்கு மட்டும் போனை அவளிடம் கொடுப்பதற்கு முன்னால் நான் எடுத்தால், வைத்துவிடாதே.

இப்படிக்கு,
வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்
உன் அப்பா