அம்மாவின் கை இருந்த படம்

உரும்பிராய்
சித்திரை 20

அன்புள்ள மகன் வாகீசனுக்கு,

நானும் அம்மாவும் நடமாடிக்கொண்டு சுகமாக இருக்கிறோம். நோர்வேக் குளிரில் உங்கள் சுகத்துக்குப் பிள்ளையார் துணை. தொலைபேசியில் கேட்டால் ஓம் ஓம் என்றே முடித்துவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

போன வருடத் தைப்பொங்கலுக்கு நீ சொன்னாய், அப்பா, குழுவிலை போன உடனை விக்கப் பார்க்காதேங்கோ, முதல் சனத்தோடை பழகுங்கோ, கேக்கிறவைக்கு உதவி செய்யுங்கோ, வியாபாரம் தானா வரும் என்று. அப்படியே செய்தேன். அம்மாவின் வேப்பம்பூ வடகத்தைப் பற்றி ஒரு வரி எழுதுமுன், நீ சேர்த்துவிட்ட அந்த வீட்டு உற்பத்தியாளர் முகநூல் குழுவில் மூன்று மாதம் மற்றவர்களின் கேள்விகளுக்கே பதில் எழுதினேன். ஒவ்வொன்றையும் கொப்பியில் எழுதித் திருத்தித்தான் போட்டேன். சாவகச்சேரி உதயகலா என்ற பிள்ளை அங்கேதான் பழக்கம். ஐயா, ஐயா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள், பூவுக்கு உளுந்து எவ்வளவு, எத்தனை நாள் வெயில், பிசுபிசுக்காமல் பொதி செய்வது எப்படி. கட்டடப் படவரைஞனாக முப்பது வருடம் அளந்து பழகிய எனக்கு அரைகுறையாகச் சொல்ல வராது. கிராம் கணக்கில் எழுதிக் கொடுத்தேன். வைகாசியில் வீட்டுக்கும் வந்தாள், அம்மாவை அன்ரி என்று கூப்பிட்டாள், வடகம் தட்டி முடியும்வரை பக்கத்தில் இருந்து படம் எடுத்தாள், பிட்டும் சாப்பிட்டுப் போனாள்.

இந்தப் பங்குனியில் அதே குழுவில் அவளுடைய வடகம் வந்தது. எங்கள் அளவு, எங்கள் பொதி, மேலே அம்மா வடகம் தட்டும் படம். "எங்கடை அம்மான்ரை கைப்பக்குவம்" என்று எழுதியிருந்தாள். எங்களிடம் வடகம் எடுத்துவந்த கொழும்பு வெள்ளவத்தைக் கடைக்காரரும் இப்போது அவளிடம்தான் எடுக்கிறார். தவறு என்னுடையதோ என்று இரண்டு நாள் யோசித்து, மரியாதையாக நான்கு வரி எழுதினேன். குழுவை நடத்துபவர், ஐயா, இங்கை சண்டை வேண்டாம் என்று சொல்லி என்னை நீக்கிவிட்டார்.

இவ்வளவும் அந்நியர் செய்தது, தாங்கிக்கொள்ளலாம். அம்மாவின் தொலைபேசியில் அந்தப் படத்தைத் திரும்பப் பார்த்தபோது, கீழே இருதயக் குறி போட்டவர்களில் உன் பெயர் இருந்தது. "ஊர் மணக்குது, அருமை" என்றும் எழுதியிருக்கிறாய். படத்தில் முகம் இல்லை, கை மட்டும்தான், வேலை அவசரத்தில் பார்த்திருப்பாய் என்று எனக்குள்ளேயே உனக்காக வாதாடிப் பார்த்தேன். ஆனால் ஆறு வயதில் நீ அலுமாரிக் கதவை அடித்துச் சாத்தியபோது நசிந்து வளைந்த அம்மாவின் சுண்டுவிரல் தெளிவாகத் தெரிகிறது. அம்மா கோபிக்கவில்லை, சிரித்தார். "உவள் களவெடுத்தது பரவாயில்லையப்பா, கெட்டிக்காரி. பெத்த பிள்ளைக்கு என்ரை கை தெரியேல்லைப் பாருங்கோ" என்றார். அதன்பின் வடகம் தட்டவில்லை. முற்றத்தில் பூ கொட்டுகிறது, நான் கூட்டி அள்ளுகிறேன்.

நான் பழகியது பிழையோ, அளவாகப் பழகத் தெரியாததுதான் பிழையோ, எனக்கு விளங்கவில்லை. வியாபாரத்துக்கு இனி யோசனை வேண்டாம். நீயும் மருமகளும் எல்லா நன்மையும் பெற்று நெடுங்காலம் வாழ வேண்டும். ஒன்றை மட்டும் மறவாதே, அந்த இருதயக் குறியை உடனே எடுத்துவிடாதே. அம்மா தினமும் திறந்து பார்க்கிறார், சத்தமில்லாமல் அழித்துவிட்டாய் என்றுதான் அவருக்குப் படும். முதலில் அவரோடு கதை. நான் எழுதினேன் என்பதையும் மறைக்காதே.

அன்பு அப்பா,
சி. பரமலிங்கம்