முதுகில்லாத படை

பிப்ரவரி 12

தை, மாசியில் யூனிஃபார்ம் கடைக்குத் தூக்கம். பன்னிரண்டு மிஷினில் நாலு ஓடினால் பெரிது. மே பிறந்தால்தான் கோவில்பட்டிக்குப் பிள்ளைகள் வளர்ந்துவிட்ட ஞாபகம் வரும்.

இன்று ஓர் ஆள் வந்தான். நந்தகோபால், சென்னை. பம்பாய்க் கம்பெனி எடுக்கிற தொடருக்கு உடைப் பொறுப்பு. நாகலாபுரம் பக்கம் உளுந்து எடுத்துவிட்டுச் சும்மா கிடக்கிற கரிசலில் யுத்தம் நடக்கப் போகிறதாம். ராஜா காலத்துக் கதை, ஆனால் எந்த ராஜாவும் இல்லை. எந்த நாடும் இல்லை.

"நூத்தம்பது போர்வீரர் வேணும்க்கா" என்றான்.

"ஆளா, துணியா?"

"துணிதான். ஆளுங்களை ஊர்லயே பிடிச்சுக்குவோம்."

ஒத்துக்கொண்டேன். மிஷின் சும்மா இருக்கிறது என்பது ஒரு காரணம். இன்னொன்று பின்னறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறது. செல்வக்குமார், என் ஒரே மகன். பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிற இடமெல்லாம் போய் ஓடிப் பார்த்தான். கடைசித் தடவை ஓட்டத்தில் ஜெயித்தான். பாதம் தட்டை என்று டாக்டர் அனுப்பிவிட்டார். இனி வயதும் தாண்டிவிட்டது. அன்று படுத்தவன்தான்.

இவன் அப்பா போன பிறகு ஒற்றை மிஷினில் ஆரம்பித்த கடை இது. எனக்குப் பிறகு இவன் கல்லாவில் உட்கார வேண்டும். வேறு எதையாவது கேட்டேனா? புதுசாக ஒரு வேலை வந்தால் எட்டியாவது பார்ப்பான் என்று நினைக்கிறேன்.

பிப்ரவரி 13

வீரன் என்றால் வீரன் என்று நினைத்திருந்தேன். நந்தகோபால் போனில் படம் படமாகத் தள்ளிக் காட்டினான். பள்ளிக்கூடத்தில்கூட இத்தனை வகுப்பு கிடையாது.

முன்வரிசையில் ஈட்டிக்காரன். தோல் கவசம், தோல் என்றால் ஆட்டோ சீட்டுக்குப் போடுகிற ரெக்சின். வில்லாளிக்குக் கையில்லாத சட்டை, துணி மிச்சம், எனக்குப் பிடித்த படை. குதிரைவீரனுக்கு வெல்வெட். குதிரைக்கும் வெல்வெட், அதற்குத்தான் கூடுதல். பிறகு கழுகுப்படை. ராட்சசக் கழுகின் மேல் உட்கார்ந்து பறப்பார்களாம். இடுப்புக்குக் கீழே வெறும் பச்சைத் துணி போதும், கழுகு பம்பாயில் கம்ப்யூட்டரில் வந்து சேரும். மந்திரப்படை என்று ஒன்று. கையில் ஆயுதம் கிடையாது. பின்னால் நின்று கோலை ஆட்டுவார்கள். அவர்களுக்கு மினுமினுக்கிற நைலான் அங்கி, இருப்பதிலேயே விலை கூடின துணி. எந்த ஆபீஸிலும் உள்ளதுதான்.

எதிரி அரக்கர் படை. சாக்கு, கறுப்புச் சாயம்.

எங்கள் கட்டிங் மாஸ்டர் பூவனலிங்கம் அண்ணாச்சி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தார்.

"சோறு பொங்குத படை எங்க தம்பி?"

"அது... கதையில இல்லீங்க."

"அப்பம் ரெண்டு நாள்ல தோத்துருவான்" என்று கத்தரியை எடுத்தார்.

பிப்ரவரி 15

செல்வம் எட்டிப் பார்க்கவில்லை. சாப்பிட்ட தட்டை மட்டும் கழுவிக் கவிழ்த்திருந்தான்.

பிப்ரவரி 20

ரெக்சின் விலையைப் பார்த்ததும் நந்தகோபாலிடம் கேட்டேன்.

"கேமரா எந்தப் பக்கம் நிக்கும்?"

"முன்னாடிதான்க்கா."

"ஈட்டிக்காரன் திரும்புவானா?"

"சாவான். திரும்ப மாட்டான். கடைசி மூச்சு வரைக்கும் முன்னேறுற படைன்னு எழுதியிருக்காங்க."

"அப்பம் முதுகுக்கு எதுக்கு ரெக்சின்?"

சிரித்துவிட்டான். முன்னால் கவசம், பின்னால் நாலு நாடா, முடிந்தது. அவனுக்கும் லாபம், எனக்கும் லாபம். புறமுதுகு காட்டாத வீரர்கள் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். காட்டினால் பனியன் தெரியும்.

பிப்ரவரி 24

முதல் கவசம் தைத்து முடிந்தது. போட்டுப் பார்க்க உயரமான ஆள் வேண்டும். பூவனலிங்கம் அண்ணாச்சிக்கு அது முழங்காலைத் தொட்டது.

"ஏலே செல்வம், ஒரு நிமிசம் வா."

வந்தான். நாடாவை நான்தான் கட்டினேன். கட்டி முடித்ததும் யாரும் சொல்லாமலே குதிகாலைச் சேர்த்து, கையைத் தொடையோடு ஒட்டி, நாடியை உயர்த்தி நின்றான். மிஷின் ஒவ்வொன்றாக நின்றது.

ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மிஷினில் இருக்கிற இசக்கிசெல்வி சொன்னாள்: "அண்ணன் நெசப் பட்டாளத்தாரு மாதிரில்லா இருக்காவ."

"வேலையைப் பாரு ஏட்டி" என்று அதட்டினேன். ரெக்சின்தானே. ஆனால் இத்தனை வருடம் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் யூனிஃபார்ம் தைத்திருக்கிறேன். ஒரு பிள்ளையும் அதைப் போட்டுக்கொண்டு இப்படி நின்றதில்லை.

"இது எந்தப் படைம்மா?"

"முன்வரிசை. முதல்ல சாகுத படை."

"அதுக்கும் பாதம் பாப்பாங்களா?"

நாடாவில் இன்னொரு முடிச்சுப் போட்டேன். கவசம் பார்க்க வந்திருந்த நந்தகோபால்தான், "வாங்க தம்பி, நல்ல உயரமா இருக்கீங்க, வரிசைக்கு நடுவுல நிக்கலாம்" என்றான்.

மார்ச் 6

நாகலாபுரத்துக்கு அப்பால் பொட்டல். கண்ணுக்கு எட்டின மட்டும் வெடித்த கரிசல். ஊசி நூலோடு நானும் போனேன். நாடா அறுந்தால் கம்பெனி என்னைத்தானே தேடும்.

ஆள் பற்றவில்லை. அதனால் காலையில் அரசன் படையாக நின்றவர்கள் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் சாக்கை மாட்டிக்கொண்டு அரக்கர் படையாகிவிட்டார்கள். தன்னைத் தானே துரத்திக்கொண்டு ஓடுகிறார்கள். செத்தவர்களுக்கும் தனி ஆள் இல்லை. முன்வரிசையே முறை வைத்துச் சாகிறது.

திருப்பதி என்று ஓர் ஆட்டுக்காரர், நல்ல மீசை, அரக்கனுக்கென்றே பிறந்தவர். படுக்கச் சொன்னால் படுக்கவில்லை.

"மக கல்யாணத்துக்குப் பந்தக்கால் நட்டாச்சுய்யா. இப்பம் போயி நான் சாக முடியாது."

"சும்மாதான் அண்ணே, நடிப்பு."

"வீட்டுக்காரிக்கு அது நடிப்புன்னு யாரு சொல்ல? வேணும்னா காயம் படுதேன். ஒரு கைய எடுத்துக்கோங்க."

கடைசியில் அவருக்குக் கையில் காயம் என்று முடிவாயிற்று.

செல்வம் தொண்டை கிழியக் கத்திக்கொண்டு ஓடினான், விழுந்தான், எழுந்தான். வெயிலில் ரெக்சின் கொதிக்கிறது. இரவு இரண்டு தட்டு சோறு சாப்பிட்டான். பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனை மாதமாயிற்று.

மார்ச் 9

கெட்டது.

பம்பாய் டைரக்டருக்குப் புது யோசனை. அரசன் படை தோற்கிற மாதிரிப் பின்வாங்கி, அரக்கர்களை ஓடைக்குள் இழுத்து மாட்டிவிட வேண்டுமாம். அதாவது மொத்த முன்வரிசையும் திரும்பி ஓட வேண்டும். கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. நாடாவையும் பனியனையும். ஒருத்தன் பனியனில் உரக்கம்பெனி விளம்பரம் இருக்கிறது.

நந்தகோபால் முகத்தில் ரத்தம் இல்லை. "முதுகு எங்கேன்னு கேட்டா என்னக்கா சொல்ல? என் வேலை போயிரும்."

யோசனை என்னுடையது. லாபத்தில் பாதி என்னுடையது. நாளைக்கே எடுக்கிறார்களாம். ரெக்சினுக்கு மதுரை போக வேண்டும், நாளை ஞாயிறு, கடை இருக்காது. மீந்த சாக்கை வெட்டி முதுகில் கட்டலாமா என்றால், அரசன் படை பின்னாலிருந்து அரக்கர் படை ஆகிவிடும்.

சங்கரம்மாள், உனக்கு இந்தப் புத்தி எதற்கு? நாலு முழம் ரெக்சினில் கோட்டையா கட்டப் போனாய்?

மார்ச் 10

செல்வம்தான் கேட்டான். "திரும்பாமலே பின்னால போனா என்ன?"

ஒரு வரிசை மண்டி போட்டு ஈட்டியை நீட்டும். அந்த மறைவில் அடுத்த வரிசை முகம் திருப்பாமல் பின்னால் எட்டு வைக்கும். பிறகு அது மண்டி போடும், இது எழுந்து போகும். சண்டை போட்டுக்கொண்டே போவது.

கேட்க நன்றாக இருந்தது. கரிசல் வெடிப்பில் பின்னால் நடந்து பார்த்தால் தெரியும். ஒருத்தன் காலை விட்டால் வரிசையே மல்லாந்தது. திருப்பதி இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"ஏலே தம்பி, ஆட்டைக்கூட இப்படிப் பின்னால ஓட்ட முடியாதுலே."

"ஆடு சொன்னாக் கேக்காது மாமா. நீங்க கேப்பீங்க. குதிகாலை முதல்ல வைக்காதீங்க, விரலை வச்சுத் தடவிப் பாத்து ஊனுங்க. இடது... வலது... இடது..."

ஓட்டப் பயிற்சிக்குப் போன காலத்தில் பின்னோக்கி ஓடிப் பழகியிருக்கிறான், எனக்குத் தெரியாது. வெயில் ஏறுவதற்குள் அத்தனை பேரும் ஒரே ஆள் போல் பின்னால் போனார்கள். அவன் குரல் அந்தப் பொட்டல் முழுக்கக் கேட்டது. வீட்டில் தண்ணீர் கேட்கக்கூட வாய் திறக்காதவன்.

டைரக்டர் எழுந்து நின்று கைதட்டினார். என்னவோ சொன்னார். தோற்கும்போதும் முதுகு காட்டாத படை, இதைப் போல் பார்த்ததில்லை என்றாராம். ஆமாம், முதலில் இருந்தே இதுதான் எங்கள் திட்டம் என்று நந்தகோபால் இந்தியில் சொல்லிவிட்டான். பிழைக்கத் தெரிந்தவன்.

மார்ச் 15

யுத்தம் முடிந்தது. யார் ஜெயித்தார்கள் என்று கேட்க மறந்துவிட்டேன். நாளையிலிருந்து செல்வம் கடைக்கு வருவான். முகத்தில் தெளிச்சி இருக்கிறது.

மார்ச் 19

விடியுமுன் எழுந்து போனான். கடையைத் திறக்கப் போகிறான் என்று நினைத்து, படுக்கையிலேயே சாமியைக் கும்பிட்டேன்.

மைதானத்துக்குப் போயிருக்கிறான். நாகலாபுரத்துப் பையன்கள் ஏழெட்டுப் பேர் பைக்கில் வந்து காத்திருந்தார்களாம். படப்பிடிப்பில் ஈட்டி பிடித்தவர்கள். போலீஸ், பட்டாளத் தேர்வுக்கு ஓடச் சொல்லிக் கொடுக்க வேண்டுமாம்.

ஏப்ரல் 2

சண்டை.

"கடைக்கு வரமாட்டேம்மா."

"பின்ன என்னத்தச் செய்வ?"

"ஓடச் சொல்லிக் கொடுப்பேன்."

"ஓடுறதுக்கு ஒருத்தன் சொல்லிக் கொடுக்கணுமாலே? நாய் தொரத்துனா எல்லாவனுந்தான் ஓடுவான்."

"முன்னால ஓடுவான். பின்னால ஓட ஆள் வேணும்லா."

வேறு யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன்.

எல்லாம் நானாச் செஞ்சதுதான். கடைக்குள்ள இழுக்கணும்னு ஆர்டரை எடுத்தேன். நானே நாடாவக் கட்டி, நானே அனுப்பி வச்சேன். அவனை வேண்டாம்னு சொன்ன பட்டாளத்துக்கே அவன் ஆள் சேத்துக் கொடுப்பானாம். இதென்ன ஞாயம்? இந்தக் கடைய நான் யாருக்குத் தச்சேன்?

பூவனலிங்கம் அண்ணாச்சியிடம் சொல்லி அழுதேன். "அவன் படுத்துக் கிடந்தப்பவும் அழுதே தாயி. எந்திரிச்சு ஓடினாலும் அழுத. அவன் எப்படித்தான் நிக்கணும்ங்குத?"

மே 28

பன்னிரண்டும் ஓடுகிறது. மூச்சு விட நேரமில்லை. செல்வத்தோடு பேச்சும் இல்லை. இரவு கம்பங்கூழைச் செம்பில் கரைத்து வைத்துவிட்டுப் படுக்கிறேன், காலையில் செம்பு காலியாக இருக்கிறது. அதற்குப் பேச்சு எதற்கு.

ஜூன் 14

இசக்கிசெல்வி கட்டிங் வேலை கேட்டாள். பெண் கத்தரி பிடித்து நம் கடையில் பழக்கமில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். இந்தக் கடையே அப்படித்தானே ஆரம்பித்தது. நாளையிலிருந்து கட்டிங் மேஜை முன்னால் நிற்பாள்.

ஜூலை 7

மத்தியானம் கடை வாசலில் பைக் நின்றது. செல்வம். எப்போதும் பின்வாசல் வழியாக வீட்டுக்குள் போகிறவன், இன்று முன்வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, வாடிக்கைக்காரர்கள் நிற்கிற பக்கம் வந்து நின்றான்.

"டீ சர்ட்டும் டிராயரும் வேணும். முப்பது செட்டு."

இசக்கிசெல்வி என்னைப் பார்த்தாள். நான் துணியை எடுத்துப் போட்டு விலை சொன்னேன்.

"பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இதைவிடக் கொறச்சுக் கேட்டுட்டுத்தான் வாரேன்."

"அவன் துணி ரெண்டு துவைப்புக்குத் தாங்காது."

"அது தெரிஞ்சுதான இங்க வந்தேன். துணி உங்க துணியா இருக்கணும். வெல அவன் வெலையா இருக்கணும்."

உங்க துணி. மரியாதை வேறு. நான் கொஞ்சம் இறங்கினேன். அவன் துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மடித்து வைத்தான். நான் மறுபடி இறங்கினேன். என்னை இரண்டு தடவை இறக்கின ஆள் இந்த ஊரில் கிடையாது. இந்த வாயை எங்கே படித்தான் என்று யாரும் கேட்க வேண்டாம். பூவனலிங்கம் அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டு தோள் குலுங்கக் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

"முன்பணம்?" என்றேன். பழக்கம். எண்ணி வைத்தான். எடுத்துக்கொண்டேன், வியாபாரம் வியாபாரம்.

"அளவு?"

"ஆளுக்கு ஒரு அளவு. நீயே வந்து எடும்மா. அஞ்சரைக்கு மைதானத்துல நிப்போம். நேரங்கழிச்சு வந்தா யாரா இருந்தாலும் வெளியதான் நிக்கணும்."

போய்விட்டான். கல்லாவுக்கு இந்தப் பக்கம் வரவே இல்லை.

நாளைக்குக் கடையை இசக்கிசெல்வி திறக்கட்டும், சாவி கொடுத்துவிட்டேன். டேப்பும் பென்சிலும் பையில் இருக்கின்றன. கூழை இன்று பெரிய தூக்குவாளியில் கரைத்து வைத்திருக்கிறேன். போனில் அலாரம் வைக்க இப்போதுதான் படித்தேன்.