எட்டாவது பெயர்

1937 ஜூலை 3, சனி

எட்டுப் பேர் வேண்டும். இதுவரை ஐந்து.

காலேஜ் விளையாட்டு ஆபீஸில் இந்த வருஷத்துத் தாளைக் கொடுத்துவிட்டார்கள். சட்டம் பழையதுதான். ஒரே தாளில் எட்டுப் பெயர் எழுதிக் கொடுத்தால் ஃபுட்பால் சீசன் முழுக்க நமக்கென்று ஒரு பெஞ்சு. ஏழாக இருந்தால் பெஞ்சு கிடையாது, கயிற்றுக்குப் பின்னால் கூட்டத்தோடு கூட்டமாக நிற்க வேண்டியது. ஒன்பது வருஷமாக அம்பத்தூர் ரயிலில் ஆள் பிடித்து இந்தத் தாளை நிரப்புகிறவன் நான்தான். முன்பெல்லாம் வண்டி வில்லிவாக்கம் போவதற்குள் நிரம்பிவிடும். இடமில்லை என்று சொல்லி நாலு பேரின் பகையைச் சம்பாதித்திருக்கிறேன். இந்த வருஷம் தாளைக் கண்டதும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறார்கள்.

சம்பத் மட்டும் நேராகச் சொன்னான். "அண்ணாத்தே, போன வருசம் பூரா உக்காந்து அய்தோம். அதுக்கு டாக்கி படத்துக்குப் போனா கடேசீலயாவது நம்மாளு ஜெயிப்பான்."

நியாயம்தான்.

ஜூலை 6, செவ்வாய்

கோதண்டம் மச்சான் கையெழுத்துப் போட்டுவிட்டார். ஆறு.

நான் போய் வாங்கவில்லை. எங்கள் பெஞ்சுக் கூட்டாளி துலுக்கானம் பெரம்பூரில் இறங்கி அவரைப் பிடித்து வாங்கி வந்தான். மூன்று வருஷமாக இதுதான் வழக்கம். மச்சான் ஆவடியில் முதல் பெட்டியில் ஏறுகிறார், நான் அம்பத்தூரில் கடைசிப் பெட்டியில் ஏறுகிறேன். முன்பு அவர் ஆவடியிலேயே பக்கத்து இடத்தில் துண்டைப் போட்டு, எவன் கேட்டாலும் "ஆள் வருது" என்று சொல்லி எனக்காகப் பிடித்து வைத்திருப்பார். அவர் தங்கை வடிவு, என் மனைவி, போனதிலிருந்து துண்டு இல்லை.

அந்தப் பெஞ்சில் மட்டும்தான் நாங்கள் பேசுகிறோம். அதுவும் ஆட்டத்தைப் பற்றி மட்டும். "பேக் ஏறிட்டான் பாத்தியா?" "கார்னரா அது?" அவ்வளவுதான். அதுவாவது இருக்கிறது. பெஞ்சு போனால் அதுவும் இல்லை. கயிற்றுக்குப் பின்னால் அவர் ஒரு மூலையில் நிற்பார், நான் ஒரு மூலையில்.

ஜூலை 11, ஞாயிறு

துலுக்கானத்தின் அச்சாபீஸில் இன்னொருவன் சேர்ந்தான். ஏழு.

அக்கா தாளைப் பார்த்துவிட்டு, "பொண்டாட்டி போனப்புறம் எட்டுப் பேரு தேடறான், ஒரு பொண்ணத் தேட மாட்டான்" என்றாள். நாகம்மாள் அக்காவுக்கு வாய் அப்படி. சோறு போட்டுக்கொண்டேதான் சொன்னாள்.

ஜூலை 15, வியாழன்

நாளை கடைசி நாள். இன்று ரயிலில் மூன்று பெட்டி ஏறி இறங்கினேன். ஒருவன் கேட்டான், "அந்த செண்டர் பார்வர்டு இந்த வருசம் ஆடறானா?" இல்லை, அவனுக்கு ரயில்வேயில் வேலை கிடைத்துவிட்டது, அந்தப் பக்கம் ஆடப் போய்விட்டான் என்றேன். "அப்ப இன்னாத்துக்குப்பா டிக்கெட்டு?" என்று சிரித்தான்.

ஜூலை 16, வெள்ளி

எழுதிவிட்டேன்.

ஆபீஸ் வாசலில் நின்றுகொண்டு எட்டாவது வரியைப் பார்த்தேன். பெயர் ஒன்றும் வரவில்லை. பேனா இருந்தது, கை இருந்தது. 'வடிவு, அம்பத்தூர்' என்று எழுதினேன். ஏன் என்று கேட்டால் தெரியாது. வேறு பெயர் மனதில் இல்லை, அதுதான் உண்மை.

ஆபீஸ் ரைட்டர் தாளை விரலால் தடவி எண்ணினார். "பொம்பளைங்களும் வராங்களா? வரட்டும், வரட்டும். நாப்பது பெஞ்சு போட்டுப் பதினொண்ணுதான் போயிருக்கு. பேர் இருந்தா போதும் சாமி" என்றார்.

ஜூலை 24, சனி

கம்பெனியில் சரக்கு வந்து இறங்கியதால் என்னால் போக முடியவில்லை. டிக்கெட்டுகளைத் துலுக்கானத்தை வாங்கிவரச் சொல்லியிருந்தேன். சாயங்காலம் என்னிடம் ஒன்றே ஒன்றைக் கொடுத்தான். மற்றதை அவரவரிடம் சேர்த்துவிட்டானாம்.

எட்டாவது எங்கே என்றேன்.

"அது உங்க மச்சானாண்ட குட்டேன். டிக்கெட்டு மேலயே பேரு எய்திக் கீதே, வடிவுன்னு. அவரு தங்கச்சி பேராச்சேன்னு குட்டேன். தப்பா?"

டிக்கெட்டின் மேல் பெயர் எழுதுவார்கள் என்பது எனக்கு ஒன்பது வருஷமாகத் தெரியும். ஒன்பது வருஷமாகத் தெரிந்ததை அன்று வாசலில் நின்று மறந்திருக்கிறேன். மச்சான் என்ன சொன்னார் என்று கேட்டேன். வாங்கி ரொம்ப நேரம் பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாராம்.

ஜூலை 31, சனி

முதல் ஆட்டம். எதிராளிக்கு நாலு, எங்களுக்கு முட்டை. மச்சான் வரவில்லை.

ஆகஸ்ட் 7, சனி

வரவில்லை. தோல்வி.

ஆகஸ்ட் 14, சனி

வரவில்லை. ஆறுக்கு ஒன்று. எங்கள் பெஞ்சில் நான்கு பேர். முன் பெஞ்சில் ராஜசேகரன் என்று ஒரு பென்ஷன்காரர், வாரா வாரம் நகத்தைக் கடித்துக்கொண்டு பார்க்கிறவர், ஐந்தாவது கோலுக்கு எழுந்து நின்று குடையை மைதானத்துக்குள் எறிந்தார். "இருவது வருசமா வரேண்டா, ஒருத்தனாவது ஓடுங்கடா" என்றார். யாரும் ஓடவில்லை. ஹாஃப்டைமில் அவரே மெதுவாக நடந்துபோய்க் குடையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். எனக்கும் கத்த வேண்டும் போலத்தான் இருந்திருக்க வேண்டும். இல்லை. சும்மா உட்கார்ந்திருந்தேன்.

ஆகஸ்ட் 22, ஞாயிறு

நேற்றைய ஆட்டத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. பெஞ்சில் நானும் துலுக்கானமும். அவனும் அடுத்த வாரத்திலிருந்து வர மாட்டானாம். "மன்னிச்சிக்கோ நைனா, அயுவற துக்கம் ஊட்லயே நெறைய கீது" என்றான்.

எனக்கு மச்சானைப் பற்றித்தான் யோசனை. அவர் நினைப்பது எனக்குத் தெரியும். மூன்று வருஷத்துக்கு முன்னால் செப்டம்பரில் ஃபைனல். நாங்கள் ஜெயித்தோம். கோப்பையைத் தூக்கிக்கொண்டு பசங்கள் தெருவில் போனார்கள், நாங்களும் பின்னாலேயே போனோம். ஏழு மணி வண்டியை விட்டுவிட்டோம். வீட்டுக்கு வந்தபோது வடிவு சமையலறைத் தரையில் சுருண்டு கிடந்தாள். வண்டி கட்டிப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். குடல் புண்ணாகி வெடித்திருக்கிறது, காலையிலேயே வந்திருக்கலாம் என்றார் டாக்டர். விடியுமுன் போய்விட்டாள். காரியம் முடிந்த அன்று மச்சான் என் வீட்டுப் படி இறங்கியவர்தான், திரும்ப மிதிக்கவில்லை. தங்கச்சியைப் பந்துக்காகச் சாகவிட்டவன் என்று நினைக்கிறார். நினைக்கட்டும். இப்போது அவள் பெயரை வைத்துப் பெஞ்சு பிடித்தவன் என்றும் நினைப்பார்.

செப்டம்பர் 4, சனி

நான் மட்டும். எட்டுப் பேர் பெஞ்சில் ஓர் ஆள். நடுவில் உட்காருவதா, ஓரத்தில் உட்காருவதா என்று தெரியவில்லை. ஓரத்தில் உட்கார்ந்தேன்.

செப்டம்பர் 16, வியாழன்

வடிவுக்குத் திதி ஏற்கனவே முடிந்துவிட்டது. ஆனால் எனக்குத் தேதிதான் நினைவிருக்கிறது. அக்கா விளக்கேற்றினாள். நான் வேலைக்குப் போனேன்.

செப்டம்பர் 18, சனி

மச்சான் வந்தார்.

ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரமாகியிருந்தது. பெஞ்சில் என்னைத் தவிர யாருமில்லை. ஓர் ஆள் இடம் நடுவில் விட்டு உட்கார்ந்தார். பையிலிருந்து அந்த டிக்கெட்டை எடுத்து, காற்றில் பறக்காமல் அதன் மேல் மூக்குக்கண்ணாடிக் கூட்டை வைத்தார், எங்கள் இருவருக்கும் நடுவில். மூலைகள் மடங்கி அழுக்காகியிருந்தது. தினமும் பையில் வைத்திருக்கிறார் போல.

ஹாஃப்டைம் வரை பேச்சில்லை. முதல் கோல் எதிர்க்கட்சிக்கு விழுந்தபோதுகூட இல்லை. பிறகு மைதானத்தைப் பார்த்தபடியே சொன்னார்.

"மாப்ளே. அன்னிக்குக் காலீல முருங்கக்கீர எடுத்துகினு உங்க ஊட்டுக்கு வந்தேனே. நீ கெணத்தாண்ட குளிச்சிகினு இருந்தே."

ஆமாம் என்றேன்.

"அவ எங்கிட்ட சொன்னா. நேத்துலேர்ந்து வவுத்து வலி தாங்கல அண்ணா, அவராண்ட சொல்லாதே, சொன்னா ஃபைனலுக்குப் போமாட்டாரு, ஒரு வருசமா காத்துகினு கீறாருன்னா. நான் கசாயம் வெச்சிக் குடின்னு சொல்ட்டு வந்துட்டேன்."

டிக்கெட்டின் மேலிருந்த கூட்டை நேராக நகர்த்தி வைத்தார்.

"உனுக்கோசரம் சொல்லாம இருந்தேன்னு நெனச்சிக்கினேன். அதெல்லாம் இல்ல. எனுக்கும் பாக்கணும்னு இருந்திச்சி. அதான். உன் மூஞ்சில முய்க்க முடில. நீயே என்னிக்காவது கேப்பேன்னு இருந்தேன். நீ கேக்கல. அவ பேர எய்தி அனுப்பிட்டே. தெரிஞ்சிதான் எய்திட்டான்னு நெனச்சேன்."

தெரியாது என்றேன். பிறகு, ஹாஃப்டைம் முடிந்துவிட்டதா என்று கேட்டேன். அவர் டிக்கெட்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார். நான் ஆட்டம் முடியும்வரை இருந்தேன். யார் ஜெயித்தார்கள் என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன், நினைவில்லை.

செப்டம்பர் 19, ஞாயிறு

துணி துவைத்தேன்.

செப்டம்பர் 23, வியாழன்

ஏன் சொல்லல? ஒரு வார்த்த. கெணத்தாண்ட வந்து மாப்ளே, அவளுக்கு ஒடம்பு சரியில்லன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் போயிருப்பனா? மூணு வருசம் நான் கொலகாரன்னு நெனச்சிகினு அந்த ஆளு பக்கத்துல உக்காந்து கார்னரா, கோலான்னு பேசிகினு இருந்தேனே. மூணு வருசம். நான் போயிருப்பனா? சொல்லியிருந்தா போயிருப்பனா —

மேலே எழுத முடியவில்லை.

செப்டம்பர் 25, சனி

மைதானத்துக்குப் போகவில்லை. ஒன்பது வருஷத்தில் முதல் தடவை.

செப்டம்பர் 26, ஞாயிறு

வியாழக்கிழமை கேட்ட கேள்விக்கு எனக்குப் பதில் தெரியும். இதை இங்கேகூட எழுதியதில்லை.

அன்று காலை எனக்குச் சோறு போடும்போது அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மற்றொரு கை வயிற்றில் இருந்தது. உதடு வெளுத்திருந்தது. பார்த்தேன். "இன்னா?" என்றேன். "ஒண்ணுமில்ல" என்றாள். அவள் அப்படிச் சொன்னதும் எனக்கு அப்பாடா என்று இருந்தது. இன்னொரு தடவை கேட்டால் வேறு பதில் வந்துவிடுமோ என்று கேட்காமல் எழுந்து கை கழுவினேன். கோட்டை மாட்டிக்கொண்டேன்.

அவருக்கு அவள் சொல்லித் தெரிந்தது. எனக்குச் சொல்லாமலே தெரிந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

அக்கா வந்து பார்த்துவிட்டு, "இன்னாடா, கண்ணுல தூசியா?" என்றாள். ஆமாம் என்றேன். இத்தனை நாளில் இன்றுதான் அழுதேன்.

அக்டோபர் 2, சனி

சீசன் முடிந்ததும் காலேஜ் வாசலில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். டிக்கெட் எடுத்தவர்கள் வராததால் அடுத்த வருஷம் முதல் பெஞ்சும் இல்லை, சீசன் டிக்கெட்டும் இல்லை. யார் வேண்டுமானாலும் வந்து நின்று பார்க்கலாம். உள்ளே போய்ப் பார்த்தேன். தச்சர்கள் பெஞ்சுகளைப் பெயர்த்து வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஹாஸ்டல் சாப்பாட்டுக் கூடத்துக்காம். எங்களுடையது எது என்று அடையாளம் தெரியவில்லை.

ரைட்டர் என்னைப் பார்த்து, "கடேசி வரைக்கும் வந்தது நீர் ஒருத்தர்தான் சாமி" என்றார். புகழ்கிறாரா என்று தெரியவில்லை.

அக்டோபர் 4, திங்கள்

காலையில் பிளாட்பாரத்தின் முன்பக்கத்துக்கு நடந்து போய் நின்றேன். மூன்று வருஷமாக நிற்காத இடம். அங்கே குழாய் ஒன்று புதிதாகப் போட்டிருக்கிறார்கள்.

வண்டி வந்தது. முதல் பெட்டியில் ஏறினேன். நிற்க இடமில்லாத கூட்டம். மச்சான் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார், பக்கத்து இடத்தில் துண்டு கிடந்தது. அதற்கு எதிரே நெருக்கத்தில் நின்றிருந்த ஒருவர், நான் அந்தப் பக்கம் நகர்வதைப் பார்த்துவிட்டு எரிச்சலாகச் சொன்னார்: "அங்க போவாதே அண்ணாத்தே, அந்த மனுசன் உக்கார வுடமாட்டாரு. பதினஞ்சு நாளா இப்டித்தான் துண்டு போட்டுகினு வராரு. ஆள் வருது, ஆள் வருதுன்றாரு. ஒரு ஆளும் ஏறல."

துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மச்சான் என்னைப் பார்க்கவில்லை. அவர் சட்டைப் பையில் அந்த டிக்கெட்டின் மூலை தெரிந்தது.

"எனக்கும் தெரியும் மச்சான்," என்றேன். "அவ நிலயப் புடிச்சிகினு நின்னா. நானும் பாத்தேன். பாத்துட்டுத்தான் வந்தேன்."

வில்லிவாக்கம் போயிற்று. என் மடியிலிருந்த துண்டின் ஒரு முனையை இழுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். மறுமுனை என் கையில் இருந்தது.

பெரம்பூரில் இறங்கும்போது சொன்னார்: "நாயித்துக்கெயம கீர எடுத்துகினு வரேன். அக்காவாண்ட சொல்லி வையி."

துண்டை மறந்துவிட்டுப் போய்விட்டார். நாளைக்குக் கொடுக்க வேண்டும்.