ஓரக் கட்டத்தை மறைக்க மாட்டேன்

இன்று காலை ஆபீஸில் ஒரு இணையப் பக்கத்தைப் போன் அளவுக்குச் சுருக்கியதும், திரையின் அடியில் அந்தச் சாம்பல் ஸ்க்ரோல் பட்டை முளைத்தது. தள்ளிப் பார்த்தால் பக்கம் மொத்தமும் இடமும் வலமுமாக ஆடுகிறது. உடனே உன் ஞாபகம்தான். இந்தப் பட்டையைக் கண்டாலே, "எவன்டா அவன், கோட்டத் தாண்டி நிக்கிறது?" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவாயே!

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. நாலு நாள் காய்ச்சலில் ஒருத்தி போய்விடுவாள் என்பதை நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. ஒத்துக்கொள்ளப் போவதும் இல்லை.

அம்பத்தூர் எஸ்டேட்டில் நாம் ரெண்டு பேரும் வேலைக்குச் சேர்ந்த புதுசில் நான் செய்த காரியம் உனக்கு மறந்திருக்காது. ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்துக்கு இணையப் பக்கம் செய்துகொண்டிருந்தோம். அதில் நேர அட்டவணை போன் திரையைவிட அகலம். நீட்டிக்கொண்டிருப்பதை எல்லாம் வெட்டி மறைக்க ஒரே வரி போதும்: ஓவர்ஃப்ளோ ஹிட்டன். "அதப் போட்டு அனுப்பும்மா" என்றார் நம் டீம் லீடு. போட்டேன். பட்டை போச்சு. ஓரத்தில் இருந்த விடுமுறைக் கட்டமும் அதோடு சேர்ந்து போனதை யாரும் கவனிக்கவில்லை.

உன் அம்மாவுக்குத்தான் தெரிந்தது. சர்க்கரைக்கு ரத்தம் கொடுக்க, அந்தப் பக்கத்தில் நேரம் பார்த்துக்கொண்டு, வெறும் வயிற்றோடு ஆவடியில் ரயில் ஏறி வந்தார்கள். ஷட்டர் இறக்கிக் கிடந்தது. தலை சுற்றி அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்களாம். மறுநாள் அவர்களுடைய போனை என் மேஜைமேல் வைத்து, "இத யாருடீ மறைச்சது?" என்றாய். லீடு சொன்னார் என்றேன். "அவரு சொன்னா? கை உன்னுதுதானே?" எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

ஆனால் நீ திட்டிவிட்டுப் போகவில்லை. என்னையும் உட்கார வைத்து அந்த வரியை அழித்தாய். அந்த இணையப் பக்கத்தில் இருந்த எல்லாப் பெட்டிகளுக்கும் சிவப்புக் கோடு போட்டாய். எது வெளியே நீட்டுகிறது என்று அப்பட்டமாகத் தெரிந்தது. அட்டவணையைத் தனிப் பெட்டிக்குள் வைத்து, அது மட்டும் நகரும்படி செய்தாய். "அது நகரட்டும்டீ, பக்கம் ஆடக் கூடாது." எல்லாம் சரி, சிவப்புக் கோட்டை எடுக்க மறந்து அப்படியே இணையத்தில் ஏற்றிவிட்டோம்! நிலையத்துக்காரர் போனில் கத்தினார்: "இன்னாம்மா இது, ஃபெயிலான பரீட்ச பேப்பர் மாரி கீது!" நீ அசரவே இல்லை. "சாரி சார், இதோ எடுத்துடறேன். லீவு நாள் தெரியுதா, தள்ளிப் பாருங்க." தள்ளிப் பார்த்துவிட்டு, "அது தெரியுதும்மா" என்றார். அன்றைக்கு நாம் சிரித்த சிரிப்பில் வாங்கி வைத்த டீ ஆறிப்போனது.

இன்றைக்கும் அதே கதைதான். பூந்தமல்லியில் ஒரு டயாலிசிஸ் நிலையத்தின் இணையப் பக்கம். இந்த அட்டவணையின் ஓரக் கட்டத்தில் இருப்பது அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய எண். "மதியம் கிளையன்ட் வராரு, ஹிட்டன் போட்டு முடி" என்றார் லீடு. முடியாது என்றேன். அரை மணி கொடுங்கள், ஒழுங்காகவே செய்கிறேன் என்று கெஞ்சவும் கெஞ்சினேன். அவரே வந்து, என் மேஜையில் குனிந்து, அந்த வரியைத் தட்டிவிட்டுப் போனார். அவர் அந்தப் பக்கம் போனதும் அழித்தேன். அட்டவணையைத் தனிப் பெட்டிக்குள் வைத்தேன். ஆபீஸில் இருக்கிறதிலேயே சின்ன போனைக் கேட்டு வாங்கி, தள்ளிப் பார்த்து, கடைசி எண் வரைக்கும் தெரிகிறது என்று உறுதி செய்துகொண்டு ஏற்றினேன்.

'திங்கக்கிழமை எச்ஆர் ரூமுக்கு வா' என்று லீடிடமிருந்து மெசேஜ் வந்திருக்கிறது. வேலை போகலாம். போனால் வீட்டில் என்ன சொல்வது என்று இன்னும் தெரியவில்லை. ஆனாலும் உன்னிடமிருந்து ஒட்டிக்கொண்ட இந்தப் பிடிவாதத்தை விடுவதாக இல்லை. உன்னை மாதிரி நறுக்கென்று பேச எனக்கு இன்னும் வரவில்லைடீ. வாயைத் திறந்தால் முதலில் அழுகைதான் வரும். வரட்டும். அழுதுகொண்டே முடியாது என்பேன்.