மூன்றாவது கூப்பாடு

1938, வைகாசி 4
வெயில் மண்டையைப் பிளக்கிறது. சாமை புடைத்தாயிற்று. புளி கொட்டை எடுக்கணும், பாதி பாக்கி.

ஊர்க்கவுண்டர் செத்ததிலிருந்து தலைப்பாகை மூத்த மகன் மாதையனுக்கா இளையவருக்கா என்று மலையே இரண்டுபட்டுக் கிடந்தது. போன மாதம் மாதையன் தேன் எடுக்கப் போய்ப் பாறையிலிருந்து விழுந்து செத்தார். இழுபறி தீர்ந்தது. வெள்ளிக்கிழமை இளையவருக்குத் தலைப்பாகை. அன்றைக்கே அவர் கையால் எனக்குத் தாலி.

கட்டிக்கப் போகிறவர் பேரை எழுதக் கூச்சம். வே. என்றே போடுகிறேன். சின்ன வயதிலிருந்தே அவர் மேல் கொள்ளை ஆசை.

வைகாசி 5
புழுக்கம். தலைப்பாகைக்கு முன்னால் சாமி எதிரில் கேள்வி கேட்பது வழக்கம். வே.யைக் கேட்டார்கள்.

"பாறைக்குக் கீழதான இருந்த? அண்ணன் கூப்புடலையா?"

"கூப்புட்டாருங்க. ரெண்டே தடவ. மூணாவது வரலீங்க. எப்படிங்க போறது?"

எல்லோரும் தலையாட்டினார்கள். காட்டில் பேய் இரண்டு தடவைதான் கூப்பிடும். மூன்றாவதுதான் மனுசக் குரல். அதற்கு முன்னால் வாய் திறந்தவன் வூடு திரும்ப மாட்டான். பச்சைப் பிள்ளைக்கும் தெரியும்.

மாதையன் விழுந்த அன்று நான் எதிர்ச்சரிவில் விறகு பொறுக்கிக்கொண்டிருந்தேன். "வேடீ" என்று மூன்று தடவை கேட்டது. வே. போய்விடுவார் என்று இருந்துவிட்டேன்.

வைகாசி 6
மாப்பிள்ளை வீட்டிலிருந்து வந்தவை: மஞ்சள், சேலை, கண்ணாடி வளையல்.

அம்மா: "மூஞ்சிய ஏன்டி தூக்கி வச்சிருக்க? ஊர்க்கவுண்டன் பொண்டாட்டி ஆவப்போறவ."

சோறு இறங்கவில்லை. இரண்டு கூப்பாட்டைப் பாறை எதிரொலித்து மூன்றாக்கியிருக்குமோ? விறகுக்கு என்று சொல்லி அதே சரிவுக்குப் போனேன். அடிவயிற்றிலிருந்து கத்தினேன். பாறை திருப்பிச் சொல்லவே இல்லை.

வரும் வழியெல்லாம் முதுகுக்குப் பின்னால் மாதையன் குரல். திரும்பிப் பார்க்கப் பயம்.

வைகாசி 7
சாயங்காலம் தூறல். காயப்போட்ட புளியை அள்ளி உள்ளே வைத்தேன். அம்மா ஓடைக்குப் போயிருந்தாள். கதவைத் தாழ் போட்டேன்.

"பொன்னி."

வெளியே வேடியப்பன்.

"பொன்னி, வளையல் சரியா இருக்குதா?"

பாழாய்ப்போன ஆசை இன்னும் சாகவில்லை. கை தானாகத் தாழ்ப்பாளுக்குப் போனது. இழுத்துக்கொண்டேன்.

"பொன்னீ! உள்ளதான இருக்கற?"

மூன்று தடவை. நன்றாகக் கேட்டது. நான் வாய் திறக்கவில்லை.