அப்பாவைத் தேடும் பக்கம்

ஜூன் 4

இந்த நோட்டு யார் கையில் கிடைத்தாலும் கும்பிட்டுக் கேட்கிறேன், யாரிடமும் காட்டாதீர்கள். அம்மாவிடம் கூடவே கூடாது.

முடி வெட்டப் போன அப்பா மூன்று நாளாக வீடு திரும்பவில்லை. ஒரு வருடமாகவே மறதி. வெல்டிங் பட்டறையை மூடியதும் அதனால்தான். அவரைத் தேட ஒரு வெப்சைட் செய்தேன். முதலில் அப்பா முகம் மெல்லத் தெளியும். பிறகு பதினேழு படங்கள் ஒவ்வொன்றாக நகரும், பின்னணியில் இசை. பள்ளிப் போட்டியில் இப்படிச் செய்துதான் முதல் பரிசு வாங்கினேன்.

அண்ணன் பார்த்துவிட்டு, "அப்பாவைத் தேடுறோமா, அவருக்குப் பாராட்டு விழா நடத்துறோமா? போட்டோவும் நம்பரும் போதும் பாப்பா" என்றான். தூங்காமல் செய்தது. கோபம் வந்தது. நம்பர் கடைசியில் இருக்கிறது என்றேன். இன்று ஒட்டிய நோட்டீஸிலும் அழகு கெடும் என்று நம்பர் போடவில்லை. படமும் வெப்சைட்டுக்குப் போகும் க்யூஆர் கோடும் மட்டும்.

ஜூன் 5

ஒரு அழைப்புகூட இல்லை.

ஜூன் 6

பஸ் ஸ்டாண்ட் கடைக்காரர் அண்ணனிடம் சொன்னாராம். முந்தாநாள் சாயங்காலம் அப்பா அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கடைக்காரர் தன் பழைய போனில் நோட்டீஸின் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்திருக்கிறார். "வட்டம் சுத்திக்கிட்டே இருந்துச்சு தம்பி. நிமிர்ந்து பார்த்தா ஆளைக் காணோம்."

சிக்னல் இல்லையாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டான் அண்ணன். என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். அப்பா எழுந்து போகிற நேரத்தில் அந்த போன் என் இசைக்காகக் காத்துக்கொண்டிருந்தது. யாருக்கு அந்த இசை? அப்பாவுக்கா?

எல்லாவற்றையும் அழித்தேன். ஒரு படம். 'இவரைப் பார்த்தால் கூப்பிடுங்கள்.' பெரிதாக நம்பர், தொட்டாலே அழைப்பு போகும். அம்மாவின் பழைய போனில் உடனே திறந்தது. பத்து நிமிஷ வேலை. பத்தே நிமிஷம்.

அண்ணன் விடியுமுன் நோட்டீஸ்களில் நம்பர் எழுதப் போகிறான்.

ஜூன் 7

மூன்று அழைப்புகள். மூன்றுமே வேறு யாரோ.

ஜூன் 8

ஒரு நர்ஸ் அழைத்தார். அண்ணன் போய்ப் பார்த்துவிட்டான். அப்பாதான். வண்டி மோதி இடுப்பெலும்பு முறிந்திருக்கிறது. இனி நடப்பாரா என்று தெரியாதாம். மோதியது நாலாம் தேதி ராத்திரி.

"தேதியை அம்மாகிட்ட சொல்லாத" என்றான் போனில். "உயிரோட கிடைச்சிட்டார்ல."

காலையில் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். அம்மா அப்பாவின் சட்டைகளை மடித்து வைத்தாள். பக்கத்து வீட்டு அக்காவிடம், "எம் பொண்ணு கம்ப்யூட்டர்ல போட்டதாலதான் கிடைச்சார்" என்று சொல்லி என் தலையைக் கோதினாள். சொல்லாம இருக்க முடியலை. சொன்னா அம்மா என்னை எப்படிப் பார்ப்பா? நாளைக்கு அப்பா முன்னாடி நான் எப்படி—

கதவு தட்டுற சத்தம். அம்மாதான். லைட் எரியறதைப் பார்த்துட்