நட்சத்திரம் பெற்ற கட்டடம்

அக்கா,

நேற்று வேலூரில் ஒரு அலுவலகத்துக்குப் போயிருந்தேன். வாசல் கண்ணாடியில் அந்தப் பட்டை ஒட்டியிருந்தது. மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவழிக்கும் கட்டடம் என்று அரசு கொடுக்கும் நட்சத்திரப் பட்டை. என் மகள் பேசிக்கொண்டே உள்ளே போய்விட்டாள். நான் படியிலேயே நின்றுவிட்டேன்.

இரண்டாயிரங்களின் பிற்பாதி அது. ஆரணியில் வந்தவாசி சாலையோரம் புதிதாக எழும்பிய கண்ணாடிக் கட்டடத்தில் நாம் வேலைக்குச் சேர்ந்தோம். வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளின் பில்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை. நான் போளூரிலிருந்து பஸ்ஸில் வருவேன். நீங்கள் கொசப்பாளையத்திலிருந்து நடந்தே வருவீர்கள். என் வீட்டில் அதுவரை எல்லோரும் கழனி வேலைக்குப் போனவர்கள். நாற்காலியில் உட்காரக்கூட எனக்குக் கூச்சம். "சாஞ்சி உக்காரு, உனக்குத்தான் போட்டிருக்காங்க" என்று முதல் நாளே சொன்னீர்கள். நான் கொண்டுவந்த சோற்றைக் கேட்காமலே எடுத்துத் தின்றீர்கள். அதற்குப் பிறகுதான் என் டப்பாவை மற்றவர்களுக்கு எதிரில் திறந்தேன்.

மறு வருஷம் மேனேஜருக்கு அந்த நட்சத்திரத்தின் மேல் ஆசை வந்தது. பட்டை இருந்தால் பெரிய கம்பெனிகள் வேலை கொடுக்கும் என்றார். கட்டடம் ஒரு வருஷத்தில் தின்னும் கரெண்டை அதன் பரப்பளவால் வகுப்பார்கள். எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நட்சத்திரம். கண்ணாடிக்கு வெளியே மறைப்புக் கட்டலாம், பழைய மெஷின்களை மாற்றலாம் என்று ஆலோசனை சொல்ல வந்தவர்கள் சொன்னார்களாம். மேனேஜர் அதைவிட எளிய வழியைக் கண்டுபிடித்தார். விருந்தாளிகள் வந்துபோகும் கீழ்த் தளங்களை விட்டுவிட்டு, நாம் உட்கார்ந்திருந்த மூன்றாவது மாடியின் ஏசியை மட்டும் நிறுத்தினார்.

அந்த மாடியில் திறக்க ஒரு ஜன்னல் கிடையாது. மேற்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடி. மின்விசிறி மாட்டக் கொக்கிகூட வைக்கவில்லை. பழைய மானிட்டர்கள் வேறு அனலைக் கக்கும். கண்ணாடியில் நீங்கள் செய்தித்தாள் ஒட்டினீர்கள். ரோட்டிலிருந்து பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று கிழிக்கச் சொன்னார்கள். நம்மில் ஒருத்தி டேபிள் ஃபேன் கொண்டுவந்தாள். கரெண்ட் மீட்டரில் ரீடிங் ஏறும் என்று பிடுங்கி ஸ்டோர் ரூமில் போட்டார்கள். சித்திரை பிறந்ததும் கைக்குட்டையை நனைத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு டைப் அடித்தோம். உங்களுக்குத் தலைவலி ஓயவில்லை. நின்றுவிடலாம் அக்கா என்று நான் சொன்னபோது, பட்டை வந்ததும் ஏசி போடுவதாகச் சொல்லியிருக்கிறார்களே, அதுவரை பல்லைக் கடித்துக்கொள்வோம் என்றீர்கள்.

பரிசோதனைக்கு ஆள் வரும் நாளில் மூன்றாவது மாடிக்கு மட்டும் லீவு விட்டார்கள். ஏன் நமக்கு மட்டும் லீவு என்று உங்களுக்கு உடனே புரிந்துவிட்டது. நீங்கள் என்னையும் அழைத்துக்கொண்டு வழக்கம்போல் வந்து உட்கார்ந்தீர்கள். வாட்ச்மேன் தடுக்கவில்லை. கதவைத் திறந்து, இது காலி மாடி சார் என்று சொல்லிக்கொண்டே வந்த மேனேஜர் நம்மைப் பார்த்ததும் கதவைப் பிடித்தபடி நின்றார். வந்த அதிகாரி நடுவயதுக்காரர், சாதுவான முகம். நீங்கள் எழுந்து உங்கள் நாற்காலியை அவருக்குப் போட்டீர்கள்.

"கொஞ்ச நேரம் இங்க உக்காருங்க சார்."

அவர் உட்கார்ந்தார். சட்டை முதுகோடு ஒட்டும்வரை உட்கார்ந்திருந்தார். பிறகு மேனேஜரைத் திரும்பிப் பார்த்து, இங்கே ஆள் வேலை செய்கிறார்களா என்று கேட்டார். நம் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார்.

"இது தப்புதாம்மா. ஆனா நாங்க எடுக்கிற கணக்குல கரெண்ட் மட்டும்தான் வரும். ஆளு வர்றதில்ல."

"அப்ப நாங்க எதுல சார் வருவோம்?" என்றீர்கள்.

அவர் எழுந்து கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மேலே எழுதிப் பார்க்கிறேன் என்றார். எழுதினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நீங்கள் மட்டும் அன்று சந்தோஷமாக இருந்தீர்கள். யாராவது ஒருத்தர் வந்து உட்கார்ந்து பார்த்தாரே, அது போதும் என்றீர்கள்.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம், பேசிக்கொண்டிருந்த உங்களுக்கு வாய் குழறியது. தொட்டுப் பார்த்தேன், அடுப்புக்கல் மாதிரி கொதித்தது உடம்பு. வியர்வையே இல்லை. ஆட்டோவில் என் மடியில் படுக்கவைத்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்து வேலூருக்கு அனுப்பினார்கள். கண்ணமங்கலம் தாண்டும்போது என் கையைப் பிடித்திருந்த உங்கள் விரல்கள் தளர்ந்துவிட்டன.

மறுநாளே மூன்றாவது மாடியில் ஏசி ஓடியது. அந்தக் குளிரில் உட்கார எங்களுக்கு உடம்பு கூசியது. பட்டையும் வந்தது. வாசலில் ஒட்டி லட்டு கொடுத்தார்கள். மாடியிலிருந்து நாங்கள் யாரும் இறங்கிப் போகவில்லை. அந்த மாதமே நான் வேலையை விட்டேன். பிறகு வேறு ஊர்களில் அதே பட்டையை ஒழுங்கான வழியில் வாங்கிய கட்டடங்களையும் பார்த்திருக்கிறேன். நிழலும் காற்றும் உள்ள கட்டடங்கள். அவற்றைப் பார்த்தால்தான் வயிறு இன்னும் எரிகிறது.

காரியத்துக்கு உங்கள் வீட்டுக்கு வந்தேன். விசைத்தறியை நிறுத்திவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார் உங்கள் வீட்டுக்காரர். என்னை அருகில் கூப்பிட்டார்.

"ஏசியில உக்காந்துகினு இருந்தவளுக்கு எப்படிம்மா அனல் தாக்கும்? டாக்டர் ஏதோ மாத்தி சொல்றாரு போல."

நீங்கள் அவரிடம் சொல்லவே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. மறைக்க எனக்கு மனம் வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். வீட்டில் இருந்தது ஒரே ஒரு ஃபேன். அதைக் காட்டி அவர் சொன்னார்.

"தெனம் வந்ததும் அத்த என் பக்கம் திருப்பி வெச்சிடுவா. பகலெல்லாம் குளுருல இருந்துட்டு வந்தேன், எனக்கு வேணாம், நீங்க உக்காருங்கன்னுவா. நானும் உக்காந்துகினு இருந்தேன்மா."

அன்று போளூர் பஸ்ஸில் அந்த வார்த்தைகளோடு ஏறினேன். இன்னும் அவற்றை எங்கும் இறக்கி வைக்க முடியவில்லை, அக்கா.